கார்டியர் என்ற பெயரும் மன்னார்க் கடலின் முத்தும்

கடந்த தவணையில் பத்தாம் தர வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, கார்டியர் என்பது ஓர் ஆளின் பெயரா, கம்பனியின் பெயரா என்று கேட்டான். வளைகுடா நாடொன்றில் தொழில் செய்யும் அவனுடைய மாமா அனுப்பிய படத்தில், பெரிய கடைத்தொகுதி ஒன்றின் முகப்பில் அந்தப் பெயரைக் கண்டிருக்கிறான். ஆளின் பெயர்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அன்றைய பாடத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான், ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் கதை எங்கள் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கடலோரத்தின் கதையோடு பின்னிக் கிடப்பது விளங்கியது. அந்த மாணவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

கார்டியர் என்பது பிரான்ஸில் சாதாரணமாகக் காணப்படும் குடும்பப் பெயர். விளையாட்டுச் சீட்டுகளைச் செய்து விற்பவரை அந்தச் சொல் குறிக்கும். மரக்கலம் செலுத்தியோரின் வழிவந்தவர்களே மரைக்கார் எனப்பட்டனர் என்று எங்களிடையே சொல்வதுபோல, தொழிலில் இருந்து பிறந்த பெயர் அது. அந்தப் பெயரை வரலாற்றில் முதலில் பதித்தவர் ஜாக் கார்டியர் என்ற மாலுமி. 1534இல் பிரெஞ்சு மன்னருக்காக அத்திலாந்திக்கைக் கடந்து கனடாவின் சென்ட் லோரன்ஸ் பகுதியை அடைந்தவர் அவர். கடைசிப் பயணத்தில் 1542இல் அவர் வைரம் என்றும் தங்கம் என்றும் நம்பிக் கொண்டுவந்தவை வெறும் பளிங்குக் கல்லும் மினுங்கும் இரும்புக் கல்லுமாக முடிந்தன. கனடா வைரம் என்றால் போலி என்று பிரெஞ்சு மக்கள் நீண்ட காலம் கேலி பேசினார்கள். 1867இல் கனடாவைக் கூட்டாட்சி நாடாக்கிய தலைவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் எட்டியன் கார்டியர். காந்தியின் இறுதி நாட்களைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்டியர் பிரெசோன், தையல் நூல் உற்பத்தியால் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர். அவர்களது நூல் உருண்டைகள் பிரான்ஸின் தையல் பெட்டிகளில் எல்லாம் இருந்தன.

என் மாணவன் கண்ட கடை இவர்களுடையதல்ல. அது இன்னொரு கார்டியர் குடும்பத்தின் கடை. அந்தக் குடும்பத்திலும் ஒரு ஜாக் கார்டியர் இருந்தார். போலி வைரம் கொண்டுவந்த மாலுமியின் பெயரையே தாங்கிய இவர், உண்மையான கற்களையும் முத்துகளையும் அறிவதற்கே தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

இவருடைய பாட்டனார் லூயி பிரான்சுவா கார்டியர் பாரிஸில் ஒரு நகைப் பட்டறையில் தொழில் பழகியவர். 1847இல் தன் எஜமானின் பட்டறையையே பொறுப்பேற்றார். அவருடைய மகன் அல்பிரட் 1874இல் தொழிலைக் கையேற்றார். 1899இல் கடை, பாரிஸின் செல்வந்தர்கள் உலாவும் றூ டி லா பே வீதிக்கு இடம்மாறியது. அல்பிரட்டுக்கு லூயி, பியர், ஜாக் என்று மூன்று ஆண்மக்கள். கடைக்குட்டியான ஜாக் பிறந்தது 1884இல். மத ஈடுபாடு கொண்டிருந்த அவர் பாதிரியாராக விரும்பினார் என்றும், மூத்தவர்கள் இருவரும் அவரை வற்புறுத்தித் தொழிலுக்குள் கொண்டுவந்தார்கள் என்றும் குடும்ப வரலாறு சொல்கிறது. உலகில் முதன்மையான நகை நிறுவனம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று சகோதரர்கள் மூவரும் தீர்மானித்து, உலகையே தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். லூயிக்குப் பாரிஸ், பியருக்கு நியூயோர்க், ஜாக்குக்கு லண்டன். லண்டன் கிளை 1902இல் திறக்கப்பட்டு, 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் அரண்மனை நகைக்கடை என்ற அந்தஸ்தைப் பெற்றது. இருபது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே ஜாக் அந்தக் கிளையின் பொறுப்புக்கு வந்தார். லண்டனை நடத்துவதென்றால் பிரித்தானியப் பேரரசு முழுவதையும் கவனிப்பது என்று பொருள். இந்தியாவும் இலங்கையும் அதற்குள் அடங்கின.

அந்தக் காலத்தில் நகை வியாபாரத்தின் உச்சியில் இருந்தது வைரம் என்று நாம் நினைப்போம். உண்மையில் முத்துதான். ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்ட முத்துகளைச் சேர்த்து ஒரு மாலை கோக்கச் சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அதன் விலையும் வைரத்தைத் தாண்டியிருந்தது. ஐரோப்பியர் கீழைத்தேய முத்து என்று போற்றியவை இரண்டு கடல்களில் இருந்து வந்தன. ஒன்று பாரசீக வளைகுடா. மற்றையது எங்கள் மன்னார் வளைகுடா.

ஜாக் லண்டனில் தொழில் பழகிய அந்த ஆண்டுகளில் எங்கள் கரையில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். 1344இல் இப்னு பதூதா புத்தளக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, மன்னருக்கு முன்னால் முத்துகள் குவிந்திருந்ததைக் கண்டார். அப்போதே அது பழைய தொழில். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கென்றே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிந்த சுவர்களைக் கடல் இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் இவை எல்லாவற்றிலும் பெரியது. மறிச்சுக்கட்டியின் வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் வாழும் ஒரு பட்டினம் எழுந்தது. முந்நூறுக்கும் அதிகமான வள்ளங்கள், ஏறக்குறைய ஐயாயிரம் குளியாளிகள். கீழக்கரையில் இருந்தும் அதை அண்டிய ஊர்களில் இருந்தும் முஸ்லிம்கள் வந்தார்கள். தூத்துக்குடியில் இருந்து பரதவர் வந்தார்கள். வளைகுடாவில் இருந்து அரபுகளும் வந்தார்கள்.

குளியாளிகள் காலில் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்கினார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைப்பார்கள். மேலே நிற்பவர் இழுப்பார். நாளொன்றுக்கு இப்படிப் பல தடவைகள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் கடல்கட்டி இல்லாமல் பலர் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை அமர்த்திக்கொண்டது. கரைக்கு வந்த சிப்பிகள் மூன்றாகப் பங்கிடப்பட்டன. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு மாலையில் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. அந்த ஒரே பருவத்தில் எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா கிடைத்தது.

இந்த வருமானத்தைக் கண்ட மறு ஆண்டே, முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்கு லண்டனில் அமைக்கப்பட்ட ஒரு கம்பனிக்கு அரசாங்கம் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேல். 1907க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. கம்பனி நொடித்துப்போனது. அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் கரையில் ஏலம் எடுத்த வியாபாரிகளின் முத்துகள் பெரும்பாலும் பம்பாய்க்குச் சென்றன. வளைகுடா முத்துகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன. இரண்டும் அங்கே துளையிடப்பட்டு, அளவும் நிறமும் பார்த்துப் பிரிக்கப்பட்டு, பட்டு நூலில் கோக்கப்பட்டுப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கப்பலேறின. பம்பாயைத் தாண்டிய பிறகு ஒரு முத்து மன்னாருடையதா பஹ்ரைனுடையதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முத்தின் ஊர்ப்பெயர் அங்கேயே கழன்றுவிட்டது.

இந்த வழியின் மறுமுனையில் இருந்த ஜாக், அதன் தொடக்கத்தைக் கண்ணால் காண விரும்பினார். 1911 டிசம்பரில் டில்லியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டுத் தர்பார் நடந்தபோது அவர் இந்தியா வந்தார். மகாராஜாக்களுக்குப் பாரிஸ் நகைகளை விற்பது நோக்கம். வந்து பார்த்தபோது நிலைமை வேறு. இங்கே பெரும் நகைகளை அணிந்தவர்கள் ஆண்கள். அவர்களது பெட்டகங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மரகதமும் மாணிக்கமும் முத்தும் நிறைந்திருந்தன. அவற்றைப் புதுப் பாணியில் பதித்துத் தருவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஜாக் அதைப் புரிந்துகொண்டார். பழைய கற்களை வாங்கவும், அவற்றுக்குப் புது உருக் கொடுக்கவும் வழி தேடினார். சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று பார்த்ததை எல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். கற்களின் நிறை, விலை, வியாபாரியின் குணம், ஆபரணத்தின் வடிவம் என்று எதையும் விடவில்லை.

1912இல் அவர் பஹ்ரைனுக்குச் சென்றார். இடைத்தரகரைத் தவிர்த்து முத்தை நேரடியாக வாங்க முடியுமா என்று பார்ப்பதே அந்தப் பயணத்தின் நோக்கம். பாரிஸின் ரோசந்தால் சகோதரர்கள் அந்தச் சந்தையில் ஏற்கெனவே காலூன்றியிருந்தார்கள். ஜாக் அரபு முத்து வியாபாரிகளோடு அமர்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. கடலுக்குச் சென்று குளியாளிகளின் வேலையையும் பார்த்தார். அங்கே அவர்களது நிலை எங்கள் கரையைவிடக் கடினமானது. பருவத்துக்கு முன்னரே வள்ளத் தலைவனிடம் முன்பணம் பெற்று, அந்தக் கடனிலேயே ஆயுள் முழுவதும் கழித்தவர்கள் பலர்.

முத்தின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதற்கு 1917இல் நியூயோர்க்கில் நடந்த கொடுக்கல் வாங்கல் ஒன்றே போதும். ஜாக்கின் அண்ணன் பியரிடம் இரண்டு சரம் கொண்ட ஒரு முத்து மாலை இருந்தது. அதன் விலை பத்து இலட்சம் டொலர். செல்வந்தர் ஒருவரின் மனைவி அதன் மீது ஆசை வைத்தார். ஐந்தாம் அவென்யூவில் இருந்த தங்கள் மாளிகையை அந்தக் குடும்பம் பியருக்குக் கொடுத்தது. பதிலுக்கு மாலையும் நூறு டொலர் பணமும் கைமாறின. கார்டியரின் நியூயோர்க் கடை இன்றும் அந்தக் கட்டடத்தில்தான் நடக்கிறது.

லண்டனில் ஜாக் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் பாரிஸையே எதிர்பார்த்திருக்காமல் 1922இல் லண்டனிலேயே ஒரு பட்டறையை நிறுவி, உள்ளூர் இளைஞர்களுக்கு நுண்ணிய வேலை பழக்கினார். முகலாயர் காலத்து இலை, பூ வேலைப்பாடு கொண்ட மரகதமும் மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தியாவில் இருந்து வந்து, அந்தக் கடைகளின் புதிய பாணிக்கு அடித்தளமாயின. மூத்தவர் லூயி பாரசீக, முகலாய ஓவியங்களையும் நூல்களையும் சேகரித்தார். முஸ்லிம் கலைஞர்களின் வடிவக் கோலங்கள் அவர்களது நகைகளில் எவ்வாறு இடம்பிடித்தன என்பதை விளக்கவே 2021இல் பாரிஸிலும் 2022இல் அமெரிக்காவின் டலஸ் நகரிலும் கண்காட்சிகள் நடந்தன. கிரிக்கெட் உலகம் ரஞ்சி என்று அறிந்த நவநகர் மன்னர் ரஞ்சித்சிங்ஜி ஜாக்கின் நண்பர். 136 கரட் வைரம் ஒன்றை நடுவில் வைத்து அவருக்காக 1931இல் செய்த மாலை ஜாக்கின் பெரும் சாதனை. எலிசபெத் இளவரசியின் திருமணத்துக்கு 1947இல் ஹைதராபாத் நிஸாம் பரிசளித்த மாலையும் லண்டன் கார்டியரில் இருந்து வந்ததுதான்.

எங்கள் நாட்டுக் கல்லும் அந்தக் கடையின் புகழில் பங்கெடுத்தது. ருமேனிய மன்னர் தன் அரசிக்காக 1921இல் கார்டியரிடம் வாங்கிய 478 கரட் நீலக்கல் இலங்கை மண்ணில் பிறந்தது. இன்று அது ருமேனிய அரசியின் நீலக்கல் என்றே அழைக்கப்படுகிறது. அதைத் தோண்டி எடுத்தவரின் பெயரை எவரும் கேட்பதில்லை.

பிறகு முத்தின் வீழ்ச்சி வந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் மணியை வைத்து வளர்த்த உருண்டை முத்துகள் 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. பாரிஸ் வியாபாரிகள் அவற்றைப் போலி என்று எதிர்த்தார்கள். ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். அதற்கு மேல் உலகப் பொருளாதார மந்தம் வந்து சேர, 1930இல் இயற்கை முத்தின் விலை சரிந்தது. நியூயோர்க்கில் ஒரு மாளிகைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட அந்த மாலை, 1957இல் ஏலத்துக்கு வந்தபோது இரண்டு இலட்சம் டொலரைக்கூட எட்டவில்லை.

வளைகுடாவின் முத்து நகரங்கள் வறுமையில் விழுந்தன. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்ததும் அவர்களுக்கு வேறு வழி திறந்தது. மன்னாருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கார்டியர்கள் தப்பித்தார்கள். அவர்கள் முத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. கைக்கடிகாரம், மரகதம், வடிவமைப்பு, பழக்கப்பட்ட கைகள், மூன்று நகரங்களின் வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை அவர்களிடம் மிஞ்சியிருந்தன.

ஜாக்குக்கு இளமையிலேயே நுரையீரல் பலவீனம். அமெரிக்க வங்கியாளர் ஒருவரின் மகளை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையான அவர், நோயோடு போராடிக்கொண்டே தொழிலை நடத்தினார். மூவரில் பெயருக்கு ஆசைப்படாதவர் அவர்தான் என்று குடும்பத்தினர் நினைவுகூர்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல், ஜேர்மனியர் நுழைந்திருந்த பிரான்ஸில் அவர் காலமானார். வயது 57. மறு ஆண்டு லூயியும் மறைந்தார். பியர் 1964 வரை வாழ்ந்தார். அவர்களின் பிள்ளைகள் காலத்தில் கடைகள் ஒவ்வொன்றாக வெளியாருக்கு விற்கப்பட்டன. கடைசியாக லண்டன் கிளையை ஜாக்கின் மகன் ஜோன் ஜாக் 1974இல் விற்றார். இன்று கார்டியர் என்ற நிறுவனத்தை நடத்துவது கார்டியர் குடும்பம் அல்ல. என் மாணவனின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான். அது ஒரு காலத்தில் ஆட்களின் பெயர், இப்போது கம்பனியின் பெயர்.

ஆயினும் அந்த ஆட்கள் மறக்கப்படவில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய பெட்டி. 2009இல் ஜோன் ஜாக்கின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வந்த பேத்தி பிரான்செஸ்கா, வீட்டின் நிலவறையில் ஒரு பயணப் பெட்டியைக் கண்டெடுத்தார். அதற்குள் சகோதரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் இருந்தன. பத்து ஆண்டுகள் உழைத்து 2019இல் அவர் குடும்பத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். கடைகள் கைமாறிய பின்னும் கதை குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இதை வாசித்தபோது என் மனம் மறிச்சுக்கட்டிக்குத் திரும்பியது. 1905இல் எத்தனை சிப்பி எடுத்தார்கள், எவ்வளவு பணம் வந்தது என்று வெள்ளையர் எழுதி வைத்தார்கள். அதனால் அவை இன்று எமக்குத் தெரிகின்றன. அந்த ஐயாயிரம் குளியாளிகளில் ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மூச்சடக்கி இறங்கியவர்கள் எழுதவில்லை, எழுதக் கூடியவர்கள் அவர்களிடம் கேட்கவில்லை.

இது பழைய முத்தைப் பற்றிய ஏக்கம் மட்டும் அல்ல. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உறுதிகளையும் பிறப்புச் சான்றுகளையும் வீட்டில் விட்டுச் சென்றவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களிடம், இது உங்கள் காணிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த ஊரில் வாழ்ந்ததை நிரூபிக்கத் தாளில்லாமல் அலைந்த பெரியவர்களை முசலியில் எல்லோரும் கண்டிருக்கிறோம். எழுதி வைக்காததன் விலை அதுதான். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மேடைகளில் சொல்கிறோம். அதை எங்கள் ஊர்க் கதைக்கும் காணிக்கும் நாம் பொருத்திப் பார்ப்பதில்லை.

ஜாக் கார்டியரைப் பெரிய வீரராக நான் காட்ட வரவில்லை. அவர் வியாபாரி. கடலில் இறங்கியவனின் கூலிக்கும் பாரிஸ் கண்ணாடிப் பெட்டியின் விலைக்கும் இடையே இருந்த இலாபத்தில் வாழ்ந்தவர். ஆனால் கண்டதைக் கண்ட அன்றே எழுதினார். வருமானம் வந்தபோதே அடுத்த தலைமுறைக்குத் தொழில் பழக்கினார். இவ்விரண்டுக்கும் பெரிய முதல் தேவையில்லை.

அடுத்த வாரம் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் மூத்தவரிடம் கடலைப் பற்றிக் கேட்டு, ஊர்ப்பெயர், ஆளின் பெயர், ஆண்டு மூன்றையும் அப்பியாசக் கொப்பியில் எழுதி வர வேண்டும். பலர் இரண்டு வரியோடு வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய உம்மம்மாவின் வாப்பா சலாபத்தில் சிப்பி எண்ணும் வேலைக்குப் போனவராம். அவருடைய பெயரையும் அவர் தங்கிய கொட்டில் இருந்த இடத்தையும் உம்மம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். அந்தக் கொப்பியைப் பாடசாலை அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.